உப்பளத்தில் ஒரு துருவப் பாடம்

வேதாரண்யம் பக்கத்துக் கடலோரப் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். ஆண்டுதோறும் பள்ளி திறந்த கையோடு சுற்றுச்சூழல் நாள் ஓவியப் போட்டி நடக்கும். பிள்ளைகள் கொடுக்கும் தாள்களில் பாதிக்கு மேல் ஒரே படம்தான் இருக்கும்: சிறு பனித்துண்டின் மேல் தனியாக ஒரு பனிக்கரடி, மேலே வியர்வை வழியும் சூரியன், சுற்றிலும் நீலக் கடல். சிலர் கரடிக்குப் பக்கத்தில் பென்குவினையும் நிற்க வைத்துவிடுவார்கள். கரடி வட துருவப் பகுதியில் வாழ்வது, பென்குவின் தென்கோளத்துப் பறவை, இரண்டும் இயற்கையில் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. வரைந்தவர்களின் வீடுகளோ கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயலில் ஓட்டையும் கீற்றையும் இழந்த வீடுகள் அவை. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் காலநிலை மாற்றம் என்றவுடன் கைக்கு வருவது, அவர்கள் ஒருநாளும் பார்த்திராத விலங்கின் படமாக இருக்கிறது என்பது எனக்கு நெடுநாள் உறுத்தல்.

இதைச் சொன்னால் உடனே ஒரு மறுமொழி வரும்: துருவத்தை விட்டுவிடுங்கள், நம் ஊர்க் குளத்தையும் நம் ஊர்ப் புயலையும் மட்டும் சொல்லிக்கொடுங்கள். நல்லெண்ணத்தில் பிறந்த யோசனைதான் என்றாலும் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தொலைவில் இருப்பதைப் பற்றி அறியும் உரிமை கடலோரப் பிள்ளைக்கும் உண்டு. அதைவிட முக்கியமாக, துருவத்தை விட்டுவிட்டு நம் ஊர்க் கடலை முழுமையாக விளக்கவே முடியாது. துருவத்தைச் சொல்லிக்கொடுக்கும் முறையில்தான் எனக்குக் குறை தெரிகிறது. அதை இரக்கப்பட வேண்டிய ஓர் இடமாகக் காட்டுகிறோம். வெப்பமும் உப்பும் நீரும் ஓயாமல் இடம் மாறிக்கொண்டிருக்கும் ஓர் ஏற்பாட்டின் பகுதி அது என்று காட்டுவதில்லை. இரக்கத்துக்குச் சில நாள் ஆயுள்தான். காரணம் விளங்கிவிட்டால் அந்தப் பிள்ளை அதை வைத்து அடுத்த கேள்வியைத் தானாகவே கேட்கும்.

டம்ளரில் மிதந்த பனிக்கட்டி

இந்தக் கருத்து எனக்குள் முழு வடிவம் பெறக் காரணமாக இருந்தது ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்ட கேள்வி. நீர்க்கோளம் நடத்திக்கொண்டிருந்தேன். பல ஆசிரியர்கள் செய்யும் எளிய சோதனைதான்: ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீரை ஊற்றிப் பனிக்கட்டிகளை மிதக்கவிட்டு, நீர்மட்டத்தில் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டேன். இன்னொரு டம்ளரில் ஒரு கருங்கல்லை வைத்து, தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த அதன் தலையில் பனிக்கட்டிகளை அடுக்கி, அங்கும் கோடு போட்டேன். பாடவேளை முடிவதற்குள் இரண்டிலும் பனி கரைந்துவிட்டது. முதல் டம்ளரில் நீர் கோட்டிலேயே நின்றது. இரண்டாவதில் கோட்டைத் தாண்டியிருந்தது. மிதக்கும் பனிக்கட்டி தன் எடைக்கு நிகரான நீரை ஏற்கெனவே விலக்கிவிட்டது, ஆகவே உருகினாலும் மட்டம் மாறாது. நிலத்தின் மேல் கிடக்கும் பனி உருகி வந்தால் அது கடலுக்குப் புதிய வரவு. நுட்பமாகப் பார்த்தால், உப்பு நீரில் மிதக்கும் நன்னீர்ப் பனி உருகும்போது மிகச் சிறிய ஏற்றம் உண்டு. ஒன்பதாம் வகுப்புக்கு அது அவசியமில்லை.

வட துருவத்தில் இருப்பது பெரும்பாலும் கடல்மேல் மிதக்கும் பனி, கிரீன்லாந்திலும் அண்டார்டிகாவிலும் இருப்பது நிலத்தின் மேல் படிந்த பனி என்று சொல்லிப் படமும் வரைந்து முடித்தேன். அப்போதுதான் அந்த மாணவி எழுந்தாள். “அப்ப வட துருவத்துப் பனி உருகுனா நமக்கு ஒண்ணும் ஆகாதுல்ல டீச்சர்? கடல் ஏறாதே. அப்புறம் எதுக்கு எல்லாரும் பயப்படுறாங்க?”

கேள்வி சரியானது, நான் காட்டிய சோதனையிலிருந்து பிசகின்றிப் பிறந்தது. கிரீன்லாந்து தனி, அது ஆண்டுக்குச் சராசரியாக 27,000 கோடி டன் அளவுக்குப் பனியை இழந்துகொண்டிருக்கிறது, அதனால் மட்டுமே உலகக் கடல்மட்டம் ஆண்டுக்கு ஏறத்தாழ முக்கால் மில்லிமீட்டர் ஏறுகிறது என்றேன். கடல் சூடாகும்போது நீரே விரிவடைகிறது, அதுவும் ஏற்றத்துக்கு ஒரு பெரிய காரணம் என்றேன். எல்லாம் உண்மைதான். ஆனால் அவள் கேட்டது கிரீன்லாந்தைப் பற்றி அன்று. கடல்மேல் மிதக்கும் அந்த மெல்லிய வெள்ளைப் பரப்பைப் பற்றி. இரண்டு மூன்று மீட்டர் கனமே உள்ள அந்தப் பனி இருந்தால் என்ன, போனால் என்ன என்பதற்கு “அது வெயிலைத் திருப்பி அனுப்புகிறது” என்ற வாசகம் புத்தகத்தில் இருக்கிறது. அதைச் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள். எழுதிக்கொண்ட விதத்திலேயே தெரிந்தது, அது தேர்வுக்குப் போகும் வாசகம், மனத்துக்குப் போகவில்லை என்பது.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பரப்பு எப்படியிருக்கும் என்று வேதாரண்யத்துப் பிள்ளைக்கு வாசகத்தில் சொல்ல வேண்டிய தேவை என்ன? அவளுடைய அப்பா உப்பளத்தில் வேலை செய்பவர்.

வெள்ளையும் கறுப்பும்

எங்கள் பக்கத்தில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, பாத்திகளைச் செப்பனிட்டு, தரையை மிதித்து இறுக்கி, உப்பு விளையத் தொடங்கத் தையின் கடைசி ஆகிவிடும். தலைமையாசிரியரிடம் எழுத்தில் அனுமதி பெற்று, பெற்றோரிடமும் கேட்டுக்கொண்டு, மாசி மாதத்துக் காலையொன்றில் வகுப்பைப் பள்ளிக்கு அருகிலிருந்த உப்பளத்துக்கு அழைத்துப் போனேன். அறிவியல் ஆய்வகத்து வெப்பமானிகளும் என் கைபேசியும்தான் கருவிகள். கைபேசியில் வெளிச்சத்தை அளக்கும் இலவசச் செயலி ஒன்றை முன்பே பதிவிறக்கியிருந்தேன்.

பத்து மணிக்கே கண் கூசியது. வாரிக் குவித்திருந்த உப்பு அம்பாரத்தைப் பிள்ளைகள் யாரும் நேராகப் பார்க்கவில்லை. அங்கு வளர்ந்தவர்களுக்குப் பார்க்கக் கூடாது என்பது பழக்கத்திலேயே ஊறியிருந்தது. ஒளி உணரி கைபேசியின் திரைப்பக்கம் இருப்பதால், வெளிச்சம் எவ்வளவு திரும்பி வருகிறது என்று அளக்கத் திரையைத் தரையை நோக்கிக் கவிழ்த்துப் பிடிக்க வேண்டும். ஒருவன் கையை நீட்டிப் பிடித்துக்கொள்ள, இன்னொருவன் வரப்பில் குந்தித் தலையைச் சாய்த்துக் கீழிருந்து எண்ணைப் படித்தான். முதலில் திரையை வானத்தைப் பார்க்க வைத்து, விழும் வெளிச்சத்தைக் குறித்தோம். பிறகு அம்பாரத்தின் மேல் கவிழ்த்தபோது, விழுந்ததில் பாதிக்கு மேல் திரும்பி வந்துகொண்டிருந்தது. அப்படியே பத்தடி நடந்து, இன்னும் நீர் விடாத பாத்தியின் கருஞ்சேற்றுத் தரைமேல் கவிழ்த்தார்கள். எண் சரிந்தது, சட்டென்று விழுந்த அந்த எண்ணைக் கண்டு படித்தவனுக்கே சந்தேகம் வந்து மறுபடி அம்பாரத்துக்கு ஓடினான். கைபேசிச் செயலி துல்லியமான கருவி அன்று. ஆனால் இங்கே வித்தியாசம் அவ்வளவு பெரியது, துல்லியம் குறைந்தாலும் உண்மை தப்பவில்லை.

அடுத்து வெப்பமானி. குமிழை அம்பாரத்தின் மேல்பொடியில் மெல்லப் புதைத்து ஒன்று, சேற்றுத் தரையில் அதே ஆழத்தில் ஒன்று. இரண்டின் மேலும் விழுவது ஒரே வெயில், அடிப்பது ஒரே காற்று. சேற்றுத் தரை பத்து டிகிரிக்கு மேல் கூடுதலாகக் காட்டியது. ஒரு மாணவன் இதை நம்பாமல் செருப்பைக் கழற்றி இரண்டிலும் கால் வைத்துப் பார்த்தான். அதற்குப் பிறகு வெப்பமானியை யாரும் கேள்வி கேட்கவில்லை.

இப்போது நான் துருவத்துக் கணக்கைச் சொன்னேன். புதிதாக விழுந்த பனி, தன்மேல் விழும் வெயிலில் 80 முதல் 90 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பிவிடும். கடல்மேல் உறைந்த வெற்றுப் பனி 50 முதல் 70 விழுக்காடு. பனி இல்லாத கருங்கடல் ஏறத்தாழ 6 விழுக்காட்டை மட்டுமே திருப்பி அனுப்பும், மீதியை விழுங்கிக்கொள்ளும். இந்த அளவுக்கு ஆல்பிடோ என்று பெயர். வட துருவத்தில் கோடைக்காலத்தில் சூரியன் மறைவதே இல்லை. ஜூன் 21 அளவில் ஒரு நாள் முழுவதும் வளிமண்டலத்தின் உச்சியில் வந்து சேரும் வெயிலைக் கூட்டிப் பார்த்தால், நிலநடுக்கோட்டைவிட வட துருவத்துக்கே அதிகம் கிடைக்கிறது. இதைச் சொன்னபோது வகுப்பே ஏற்க மறுத்தது. அவ்வளவு வெயில் பட்டும் அங்கே குளிராக இருக்கிறதே, எப்படி என்றார்கள். அம்பாரத்தைத் திரும்பிப் பார்க்கச் சொன்னேன்.

அந்த மாணவியின் அப்பா அதுவரை உப்பு வாரும் பலகையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார். எங்கள் பேச்சில் கலந்துகொள்ளத் தயங்கியவர், கடைசியில் மகளைப் பார்த்துச் சொல்வது போலச் சொன்னார்: “தரை கருப்பா இருக்கிற வரைக்கும் தண்ணி வெயில நல்லா வாங்கும்மா, சீக்கிரம் வத்தும். உப்பு விழுந்து தரை வெளுத்துட்டா அந்த வேகம் இருக்காது.” பிறகு என்னிடம், “சரிதானுங்களே டீச்சர்?” என்றார். மிகச் சரி. பாத்தியில் நடப்பது கறுப்பிலிருந்து வெள்ளைக்குப் போகும் பயணம். வெளுக்க வெளுக்க வெயிலை வாங்குவது குறைகிறது. வட துருவக் கடலில் இப்போது நடப்பது இதற்கு நேர் எதிர்த் திசைப் பயணம். வெள்ளை கரைந்து கறுப்பு வெளியே வருகிறது. கறுப்பு வெயிலை விழுங்குகிறது. விழுங்கிய வெப்பம் பக்கத்து வெள்ளையைக் கரைக்கிறது. அவருடைய அந்த இரண்டு வாக்கியங்களை நான் கரும்பலகையில் எழுதியிருந்தால் ஒரு பாடவேளை பிடித்திருக்கும். தொழிலாளிக்கு எல்லாம் தெரியும், புத்தகம் தேவையில்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். அவருக்குத் தெரிந்தது பாத்தியின் போக்கு. அதே போக்கு பத்தாயிரக்கணக்கான சதுர கிலோமீட்டரில் நடந்தால் என்னவாகும் என்பதைச் சொல்லத்தான் பள்ளியும் புத்தகமும் இருக்கின்றன.

1980களின் தொடக்கத்தில் செப்டம்பர் மாதம், அதாவது கோடை உருகல் முடியும் தறுவாயில், வட துருவக் கடலில் ஏறத்தாழ 70 லட்சம் சதுர கிலோமீட்டர் பனி மிஞ்சியிருந்தது. 2012 செப்டம்பரில் அது 34 லட்சமாகச் சுருங்கியது. செயற்கைக்கோள் பதிவுகளில் அதுவே இன்றுவரை மிகக் குறைந்த அளவு. இந்தியாவின் பரப்பளவு 33 லட்சம் சதுர கிலோமீட்டர் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். ஓர் இந்தியாவுக்கும் மேற்பட்ட பரப்பு அம்பாரத்தின் நிறத்திலிருந்து சேற்றின் நிறத்துக்கு மாறியிருக்கிறது என்று சொன்னபோது, அந்த மாணவி தன் நோட்டில் எதையும் எழுதவில்லை, பாத்தியையே பார்த்துக்கொண்டு நின்றாள். சற்றுப் பொறுத்து அவளே சொன்னாள்: “அப்ப கடல் ஏறாது, ஆனா சூடு ஏறும். சூடு ஏறுனா அந்தக் கிரீன்லாந்துப் பனி கரையும்.” 1979க்குப் பிறகு வட துருவப் பகுதி உலகச் சராசரியைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் வெப்பமடைந்திருக்கிறது என்ற செய்தியை அவளுடைய அந்தக் கூற்றுக்கு அடுத்து வைத்தேன். அதற்கு முன்பு வைத்திருந்தால் அது வெறும் எண்.

உப்பு நீரின் கனம்

திரும்பி வந்த பிறகும் உப்பளம் எங்களை விடவில்லை. உப்பு விளையும் பருவத்தில் எதிர்பாராமல் ஒரு மழை பெய்துவிட்டால், பாத்தியில் மழைநீர் உடனே கலந்துவிடுவதில்லை. உப்பு நீர் கனம், நன்னீர் இலேசு, எனவே மழைநீர் மேலே தனிப் படலமாக நிற்கும். கலக்காமல் மேல்நீரை வடித்துவிட்டால் கீழேயுள்ள உப்பு நீரைக் காப்பாற்றிவிடலாம். இது உப்பளத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்த செய்தி. வங்கக் கடலில் நடப்பதும் இதுவே. கங்கை, பிரம்மபுத்திரா, கோதாவரி எல்லாம் கொண்டுவந்து கொட்டும் நன்னீரும் மேலே பெய்யும் மழையும் கடலின் மேற்பரப்பில் இலேசான படலமாக நிற்கின்றன. கீழேயுள்ள குளிர்ந்த உப்பு நீர் எளிதில் மேலே கலந்துவர முடிவதில்லை. அதனால் மேற்பரப்பு சூடாகவே இருக்கிறது. புயல் உருவாகக் கடல் மேற்பரப்பு ஏறத்தாழ 26.5 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும் என்னும் நிபந்தனை ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் தவறாமல் நிறைவேறுகிறது. கஜா எதைத் தின்று வளர்ந்தது என்ற கேள்விக்கு இப்படி ஒரு விடையை நான் ஒரு நாளும் பாடநூலிலிருந்து மட்டும் சொல்லிப் புரியவைத்திருக்க முடியாது.

இதே கனத்தின் கணக்கு துருவத்தில் வேறு வழியாக வந்து சேர்கிறது. கடல் நீர் உறைவது ஏறத்தாழ மைனஸ் 1.8 டிகிரியில். உறையும்போது உப்பின் பெரும்பகுதி பனிக்குள் அடங்காமல் வெளியேறிவிடும். பல ஆண்டு பழகிய கடற்பனியை உருக்கினால் குடிக்கக்கூடிய அளவுக்கு உப்புக் குறைவாக இருக்கும். வெளியேறிய உப்பு சுற்றியுள்ள நீரைக் கனமாக்குகிறது. ஏற்கெனவே உறைநிலையில் குளிர்ந்திருக்கும் அந்த நீர் கனம் தாங்காமல் மூழ்குகிறது. உப்பளத்தில் வெயில் நீரை எடுத்துக்கொண்டு உப்பை விட்டுவிடுகிறது, அண்டார்டிகாவின் கரையோரத்தில் குளிர் நீரை எடுத்துக்கொண்டு உப்பை விட்டுவிடுகிறது. இரண்டிலும் எஞ்சுவது கனத்த நீர். அண்டார்டிகாவைச் சுற்றி அப்படி மூழ்கிய நீர், கடலின் தரையைத் தடவிக்கொண்டு மெல்ல வடக்கே பரவி இந்தியப் பெருங்கடலுக்கும் வங்கக் கடலுக்கும் வந்து சேர்கிறது.

இதை வகுப்பில் காட்ட ஆர்கோ மிதவைகள் கைகொடுத்தன. உலகக் கடல்களில் ஏறத்தாழ 4,000 மிதவைகள் இப்போது திரிகின்றன. ஒவ்வொன்றும் 1,000 மீட்டர் ஆழத்தில் மிதந்துகொண்டிருந்து, பத்து நாளுக்கு ஒரு முறை 2,000 மீட்டர்வரை இறங்கி, அங்கிருந்து மேலே வரும் வழியெல்லாம் வெப்பத்தையும் உப்பையும் அளந்து, மேற்பரப்புக்கு வந்து செயற்கைக்கோளுக்கு அனுப்பிவிட்டு மறுபடி மூழ்கும். நம் மீனவர்களுக்கு மீன் கூடும் இடங்களை அறிவிக்கும் ஐதராபாத் இன்காய்ஸ் நிறுவனம்தான் இந்தியாவின் ஆர்கோ பணியையும் பார்க்கிறது. வங்கக் கடலின் வெப்பக் கோட்டைக் கரும்பலகையில் மேலிருந்து கீழாக வரைந்தேன்: மேலே 29 டிகிரி, 200 மீட்டரில் ஏறத்தாழ 15, 1,000 மீட்டரில் 7க்கும் கீழே, 2,000 மீட்டரில் 3க்கும் கீழே. நம் ஊர்க் கடலுக்கு அடியில் இவ்வளவு குளிர்ந்த நீர் எங்கிருந்து வந்தது, இங்கே எந்த மாதத்திலும் இவ்வளவு குளிர் இல்லையே என்று கேட்டேன். இரண்டு நிமிடம் யாரும் வாயைத் திறக்கவில்லை. பிறகு பின்வரிசையிலிருந்து ஒருவன், “பென்குவின் ஊர்லேருந்து” என்றான். நான் எந்தத் திருத்தமும் செய்யவில்லை.

சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தையும் இந்த இடத்தில் சொல்வதுண்டு. நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் 79 டிகிரி வட அகலாங்கை ஒட்டி இந்தியா 2008 முதல் ஹிமாத்ரி என்ற ஆய்வு நிலையத்தை நடத்துகிறது. அதன் அருகிலுள்ள கடற்கழியில் 2014ஆம் ஆண்டு இறக்கப்பட்ட இண்டார்க் என்ற நிலைமிதவையை வடிவமைத்தது பள்ளிக்கரணை நிறுவனம்தான். கடலுக்கடியில் நின்றபடி அது அளப்பதும் வெப்பமும் உப்பும்தான். வட துருவத்தின் மாற்றத்துக்கும் நம் பருவமழைக்கும் உள்ள தொடர்பை அறிவது அந்த முயற்சியின் நோக்கங்களில் ஒன்று. அறிவியலாளர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கும் பொருள் அது. முடிந்த முடிவாகச் சொல்லக் கூடாது என்று பிள்ளைகளிடம் வெளிப்படையாகவே சொல்லிவிடுவேன். தொலைதூரப் பனிக்கும் மழைக்கும் முடிச்சுப் போடுவது புதிய எண்ணமும் அன்று. சென்னை மாகாணத்தைச் சூறையாடிய 1876–78 தாது வருடப் பஞ்சத்துக்குப் பிறகு, இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவராக இருந்த ஹென்றி பிளான்ஃபோர்ட், இமயத்தில் பனி மிகுந்தால் அடுத்து வரும் பருவமழை குன்றும் என்று 1884இல் எழுதினார். மழை பொய்த்தால் அதற்கான காரணம் நம் வானத்தில் மட்டும் இருக்க வேண்டியதில்லை என்று ஒன்றேகால் நூற்றாண்டுக்கும் முன்பே ஒருவர் பனியைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்.

தைமிரிலிருந்து வருபவை

உப்பளத்துக்குப் போன அன்று நான் பாடத்திட்டத்தில் எழுதி வைக்காத ஒன்றும் எதிரே நின்றது. உப்பு விளையாத, ஆழமில்லாத நீர்ப்பாத்திகளில் நூற்றுக்கணக்கில் உள்ளான் என்னும் சிறு கரைப்பறவைகள் மேய்ந்துகொண்டிருந்தன. கோடியக்கரை எங்களுக்குப் பக்கம். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல பத்தாண்டுகளாக அங்கே பறவைகளுக்கு வளையம் பூட்டி ஆய்ந்துவருகிறார்கள். பிள்ளைகள் பெரும்பாலும் பூநாரையைத்தான் கவனிப்பார்கள். நான் காட்டியது கொசு உள்ளானை. இருபத்தைந்து கிராம் அளவே எடையுள்ள சாம்பல் நிறப் பறவை. அது குஞ்சு பொரிப்பது வட துருவ வட்டத்துக்கு வடக்கேயுள்ள, மரம் வளராத உறைநிலமான தூந்திரத்தில். அதன் கூட்டத்திலேயே அலகு கீழ்நோக்கிச் சற்று வளைந்த கர்லூ சாண்ட்பைப்பரும் மேயும். அது சைபீரியத் தூந்திரத்தைத் தவிர உலகில் வேறெங்கும் பெருமளவில் இனப்பெருக்கம் செய்வதில்லை. காரா கடலுக்கும் லாப்தேவ் கடலுக்கும் நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் தைமிர் தீபகற்பம் அதன் தாய்வீடு. அங்கிருந்து எங்கள் உப்பளம் ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல்.

தைமிரில் லெம்மிங் என்ற சிறு கொறிவிலங்கு சில ஆண்டுகளுக்கு ஒரு முறை பெருகும், பிறகு அருகும். அது பெருகிய கோடையில் நரிகளுக்கு அதுவே போதுமான இரை. உள்ளான் குஞ்சுகள் தப்பிப் பிழைக்கும். அருகிய கோடையில் நரிகள் குஞ்சுகளின் பக்கம் திரும்பும். அந்த ஆண்டு தெற்கே வரும் கூட்டத்தில் இளம் பறவைகள் மிகக் குறைவாக இருக்கும். அதாவது தைமிரில் லெம்மிங் பெருகியதா அருகியதா என்ற செய்தி, குளிர்காலக் கரைகளில் மேயும் இளம் பறவைகளின் எண்ணிக்கையில் எழுதப்பட்டு வந்து சேர்கிறது.

தைமிரில் பிறக்கும் இன்னொரு கரைப்பறவையான ரெட் நாட்டைப் பற்றி 2016இல் வெளிவந்த ஆய்வு இதைவிட ஆழமாக என்னைத் தைத்தது. அங்கே பனி உருகும் நாள் 33 ஆண்டுகளில், ஆண்டுக்கு அரை நாள் வீதம் முன்னால் நகர்ந்திருக்கிறது. பனி முன்கூட்டியே உருகினால் பூச்சிகளும் முன்கூட்டியே பெருகி ஓய்ந்துவிடும். குஞ்சுகள் வாய் திறக்கும் வேளையில் உணவு குறைந்திருக்கும். அந்த ஆண்டுகளில் பிறந்த பறவைகள் உடலும் அலகும் குறுகியவையாக வளர்கின்றன. அவை குளிர்காலத்துக்குப் போய்ச் சேரும் ஆப்பிரிக்காவின் மொரித்தானியாக் கரையில், சேற்றுக்குள் ஆழத்தில் இருக்கும் சிப்பிகளைக் குட்டை அலகால் எட்ட முடியாமல் பலவும் மடிகின்றன. துருவத்தில் நேர்ந்த மாற்றத்துக்கு வெப்பமண்டலக் கடற்கரையில் பட்டினி. நம் கரைக்கு வரும் உள்ளான்களுக்கு இதேதான் நேர்கிறது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. பறவை வேறு, இரை வேறு. ஆனால் எதைக் கவனிக்க வேண்டும், எதை எண்ண வேண்டும் என்பதை அந்த ஆய்வு கற்றுக்கொடுக்கிறது. அலகின் நீளத்துக்கும் பனி உருகும் நாளுக்கும் உறவு இருக்கலாம் என்பதைக் கேட்ட பிள்ளை, சேற்றில் அலகைக் குத்திக்கொண்டு நிற்கும் பறவையை அதற்குப் பிறகு வேறு கவனத்தோடு பார்க்கிறது.

பனிக்கரடி ஓவியத்தின் மேல் எனக்கிருந்த மனத்தாங்கலை இப்போது தெளிவாகச் சொல்ல முடியும். கரடிக்கு நேரும் துன்பம் உண்மை. அதற்காக வருந்துவதில் தவறில்லை. ஆனால் அந்தப் படத்திலிருந்து பிள்ளை எடுத்துவைக்கக்கூடிய அடுத்த அடி எதுவும் இல்லை. 2050க்குள் நாகப்பட்டினம் முழுகிவிடும் என்று வகுப்பில் அறிவிப்பவர்களுக்கும் எனக்கும் இதே வழக்குதான். தாழ்வான எங்கள் கடற்கரைக்கு ஆபத்து மெய்யானது. உலகின் பசுங்குடில் வாயு உமிழ்வு எப்படிப் போகிறது என்பதைப் பொறுத்து இந்த நூற்றாண்டின் முடிவில் உலகச் சராசரிக் கடல்மட்டம் கால் மீட்டருக்குச் சற்று மேலிருந்து ஒரு மீட்டர்வரை உயரலாம் என்பதே காலநிலை மாற்றத்தை ஆராயும் பன்னாட்டு அறிவியல் குழுவின் (ஐபிசிசி) முதன்மைக் கணிப்பு. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவேயுள்ள இடைவெளி மனிதர் எடுக்கும் முடிவுகளால் ஆனது. முழுகிவிடும் என்று மட்டும் சொல்லும்போது அந்த இடைவெளியையே பிள்ளையின் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறோம்.

சக ஆசிரியர்கள் எழுப்பும் மறுப்பில் நியாயம் இருக்கிறது. பாடப்பகுதி முடிய வேண்டும், தேர்வில் ஆல்பிடோவுக்கு ஒரு மதிப்பெண்தான், ஒரு காலை முழுவதும் உப்பளத்தில் போய்விட்டால் கணக்கு ஆசிரியருக்கு என்ன பதில் சொல்வது என்கிறார்கள். அந்த ஒரு காலைக்குப் பிறகு வளிமண்டலம், நீர்க்கோளம், உயிர்க்கோளம் என்று தனித்தனியாக நிற்கும் பாடங்களில் நான் மிச்சப்படுத்திய நேரம் அதைவிட அதிகம் என்பது என் பதில். வகுப்புத் தேர்வில் வரையறை கேட்பதையும் நான் விட்டுவிட்டேன். பாத்தி வெளுத்தால் நீர் வற்றும் வேகம் என்ன ஆகும், வட துருவக் கடலில் பனி குறைந்தால் வெயில் என்ன ஆகும், இரண்டையும் ஒன்றாக வைத்து விளக்குக என்று கேட்கிறேன். மதிப்பெண் குறையவில்லை.

எனக்கு உள்ளபடியே இடைஞ்சலாக இருப்பது வேறொன்று. நீர்க்கோளம் நடத்த வேண்டிய மாதங்களில் எங்கள் ஊர் உப்பளம் மழைநீரில் கிடக்கிறது, அல்லது பறவைகள் இன்னும் வந்து சேரவில்லை. அம்பாரமும் கருஞ்சேறும் உள்ளானும் ஒரே இடத்தில் கிடைப்பது தையின் கடைசியிலிருந்து பங்குனி வரைதான். சித்திரையில் பறவைகள் வடக்கே புறப்படத் தொடங்கிவிடும், எங்களுக்கும் ஆண்டுத் தேர்வு வந்துவிடும். மலையூர்ப் பள்ளிக்கு உறைபனி விழும் மார்கழி உகந்த மாதமாக இருக்கலாம். தாமிரபரணிக் கரைப் பள்ளிக்கு வேறொரு மாதம். எந்தப் பாடத்தை எந்த மாதத்தில் நடத்துவது என்பதை அந்தந்தப் பள்ளி தீர்மானித்துக்கொள்ள இடம் கொடுங்கள் என்று ஒன்றியக் கூட்டத்தில் கேட்டிருக்கிறேன். எழுத்தில் கொடுக்கச் சொன்னார்கள்; கொடுத்திருக்கிறேன். விடை வரும்வரை, வரும் தை மாதத்துக்காக நீர்க்கோளத்தின் இரண்டாம் பாதியை நடத்தாமல் நிறுத்தி வைத்திருக்கிறேன்.